முதலில் ஸ்டூலைப் போடுங்கள்

ஆடித் தள்ளுபடி தொடங்குவதற்குச் சில நாள் முன்னால், எங்கள் தெருப் பெண் ஒருத்தி வேலை பார்க்கும் ஜவுளிக்கடையில் ஊழியர்களுக்காக ஒரு பேச்சாளரைக் கூட்டிவந்திருக்கிறார்கள். தலைப்பு: 'மகிழ்ச்சி உங்கள் கையில்'. கடை திறக்கும் முன், தரைத்தளத்தில் ரெடிமேட் ஸ்டாண்டுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு மைக் வைத்தார்களாம். முதலாளிக்கும் மேனேஜருக்கும் பேச்சாளருக்கும் சோபா. ஊழியர்கள் அத்தனை பேரும் நின்றார்கள்.

"ரெண்டு மணி நேரம் பேசுனாருக்கா. காலையில கண்ணு முழிச்சதும், இன்னைக்கு நான் சந்தோஷமா இருப்பேன்னு முடிவு பண்ணுங்க, அதுக்கப்புறம் உங்களை யாரும் அசைக்க முடியாதுன்னாரு. எல்லாரும் கை தட்டுனோம். ஷட்டரைத் தூக்குனாங்க, செக்‌ஷனுக்கு ஓடிட்டோம்" என்றாள். ராத்திரி பத்தரை மணிக்கு எங்கள் வாசல்படியில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு சொன்னாள். கெண்டைக்காலில் நரம்பு பச்சையாகச் சுருண்டு புடைத்திருந்தது. அவளுக்கு இன்னும் முப்பது வயதுகூட ஆகவில்லை.

எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. பன்னிரண்டு மணி நேரம் நிற்கப்போகிறவர்களை மேலும் இரண்டு மணி நேரம் நிறுத்திவைத்து, உன் சந்தோஷத்துக்கு நீதான் பொறுப்பு என்று சொல்ல ஒருவருக்கு எப்படி மனம் வந்தது? எதிரில் இருப்பவர்கள் நிற்கிறார்கள் என்பது அந்த மனிதரின் கண்ணில் படவே இல்லையா?

இந்த நம்பிக்கை இன்று எங்கே இல்லை? புத்தகக் காட்சியில் நுழைந்தால் முதல் கடையிலேயே அடுக்கிவைத்திருக்கிறார்கள். பிளஸ் டூ தேர்வுக்கு முன்னால் பள்ளிக்கூடங்களில் மைக் பிடிக்கிறார்கள். விடிந்தால் வாட்ஸப்பில் சூரிய உதயப் படத்தோடு வந்து விழுகிறது. மகிழ்ச்சி ஒரு முடிவு. வாழ்க்கை என்பது நீங்கள் தேர்ந்தெடுப்பது. சூழ்நிலையைக் குறை சொல்பவன் சோம்பேறி. இதைச் சொல்பவர்களிடம் நான் வைக்கும் கேள்வி ஒன்றே ஒன்று. அந்தப் பெண்ணுக்கு ஸ்டூல் எங்கே?

அவளுடைய ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். ஒரு குடும்பம் வருகிறது. நாற்பது சேலையை இறக்கிப் பிரித்துக் காட்டுகிறாள். பிடிக்கவில்லை என்று எழுந்து போகிறார்கள். நாற்பதையும் மடிப்புக் கலையாமல் மடித்து மறுபடி அடுக்க வேண்டும், நின்றுகொண்டே. கூட்டமில்லாத மதிய வேளையில் ரேக்கில் லேசாகச் சாய்ந்தால், மேலே கேமரா பார்க்கிறது. கேபினிலிருந்து சூப்பர்வைசருக்கு போன் வருகிறது. தண்ணீர் அதிகம் குடிப்பதில்லை, ஏனென்றால் பாத்ரூம் நான்காவது மாடியில், லிப்ட் கஸ்டமருக்கு மட்டும், போய்வர சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். எப்போது குடிப்பது, எப்போது போவது, எப்போது உட்காருவது என்ற மூன்றையுமே முடிவுசெய்ய உரிமை இல்லாதவளிடம் போய், உன் வாழ்க்கையின் கடிவாளம் உன் கையில் என்கிறார்கள்.

இத்தனைக்கும் சேலை விற்க நிற்க வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. பழைய ஜவுளிக்கடைகளை நினைத்துப் பாருங்கள். வெள்ளை விரிப்பு போட்ட மெத்தையில் கடைக்காரரும் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பார், எதிரில் வாங்க வந்தவர்களும் உட்கார்ந்திருப்பார்கள். வியாபாரமா படுத்துப்போனது? ஊழியர் நின்றால்தான் மரியாதை என்பதெல்லாம் மாடி மேல் மாடி கட்டியபோது முதலாளிகளாக ஏற்படுத்திக்கொண்ட வழக்கம்.

ஸ்டூல் சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால், அவர்கள் இந்த வரலாற்றைக் கேட்கட்டும். இங்கிலாந்தில் 1899-லேயே இதற்கென்று தனியாக ஒரு சட்டம் போட்டார்கள்: கடையில் வேலை பார்க்கும் பெண்கள் மூன்று பேருக்கு ஓர் இருக்கையாவது இருக்க வேண்டும். நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தன் 44-ஆம் பிரிவில், நின்று வேலை செய்யும் தொழிலாளி இடையில் உட்கார வசதி செய்ய வேண்டும் என்றது. அது ஆலைக்கு. கடைக்கு? தமிழ்நாட்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இல் வந்தது. அதில் ஊழியர் உட்கார ஒரு வரி சேர 2021 வரை ஆனது. அந்த ஆண்டு செப்டம்பரில்தான் சட்டமன்றத்தில் 22-ஏ என்ற பிரிவைக் கொண்டுவந்தார்கள். வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' படம் 2010-இல் வந்தது. சென்னை ரங்கநாதன் தெரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பிள்ளைகளின் கதையைப் பார்த்துத் தமிழ்நாடே கலங்கியது. கலங்கிய பிறகும் ஒரு ஸ்டூலுக்குப் பதினொரு வருடம். அந்தப் பதினொரு வருடமும் அந்தப் பிள்ளைகள் காலையில் சந்தோஷமாக இருக்க முடிவெடுக்கத் தவறியதாலா நின்றார்கள்?

இந்த உபதேசச் சரக்கு நம் ஊரில் விளைந்ததும் இல்லை. அமெரிக்கப் பாதிரியார் நார்மன் வின்சென்ட் பீல் 1952-இல் நேர்மறைச் சிந்தனையின் ஆற்றல் பற்றி எழுதிய புத்தகம் சக்கைப்போடு போட்டது. 2006-இல் ரோண்டா பைர்னின் 'தி சீக்ரெட்' இன்னும் ஒரு படி மேலே போய், நீ நினைப்பதுதான் உன்னிடம் வந்து சேரும் என்றது. வறுமையில் கிடப்பவன் வறுமையை நினைத்து வரவழைத்துக்கொண்டான் என்பதுதானே அதன் பொருள்? இதைவிடக் கொடூரமான ஒன்றை எந்தப் பண்ணையாரும் சொன்னதில்லை.

பிறகு விஞ்ஞானத்தையும் துணைக்கு இழுத்துக்கொண்டார்கள். 2005-இல் சோன்யா லியுபொமிர்ஸ்கி உள்ளிட்ட மூன்று உளவியலாளர்கள் எழுதிய கட்டுரையில் ஒரு கணக்கு வட்டப்படமாக வந்தது: மகிழ்ச்சியில் ஐம்பது சதவீதம் மரபணு, பத்து சதவீதம் சூழ்நிலை, நாற்பது சதவீதம் நாமாகச் செய்கிற செயல்கள். அன்று முதல் இந்த வட்டப்படம் இல்லாத பயிற்சி வகுப்பே இல்லை. சூழ்நிலை வெறும் பத்துதானாம்! அந்த எண்கள் ஒரு மக்கள் கூட்டத்தில் ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டைப் பற்றியவை. ஒரு மனுஷியின் துக்கத்தைப் பத்துக்கு நாற்பது என்று கூறுபோட அவற்றால் முடியாது. எழுதியவர்களில் இருவரே பின்னாளில் அந்த வட்டப்படத்தின் காலம் முடிந்துவிட்டது என்ற இடத்துக்கு வந்துவிட்டார்கள். மேடைக்காரர்கள் மட்டும் வரவில்லை. பன்னிரண்டு மணி நேர நிற்பும், அடைத்த மூத்திரமும், புடைத்த நரம்பும் அவர்கள் கணக்கில் பத்தே சதவீதம்.

எங்கள் பாட்டி காலத்தில் தலையெழுத்து என்றார்கள். அதையும் நான் ஏற்றவள் இல்லை. ஆனால் அதில் ஒரு கருணை இருந்தது. பிரம்மன் எழுதியதற்கு நீ என்ன செய்வாய் என்று அழுதவளைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தலையைத் தடவிக் கொடுத்தார்கள். இன்றைய உபதேசம் அதையும் பிடுங்கிக்கொண்டது. எழுதியவளும் நீ, அனுபவிப்பவளும் நீ, அழுதால் அதுவும் உன் தப்பு. முதலாளி, அரசாங்கம், புருஷன், சாதி, சம்பளம் எல்லாரும் எல்லாமும் விடுதலை. கூண்டில் நிற்பவள் அவள் ஒருத்தி.

ஆமாம், முடிவெடுத்துத் தன் வாழ்க்கையை மாற்றிய பெண்களை எனக்குத் தெரியும். கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை பார்த்த விஜி அப்படித்தான் முடிவெடுத்தார். அந்தத் தெருக்கடைகளில் வேலை பார்த்த பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது, உட்கார இடம் கிடையாது. கண்ணை மூடி மூச்சை இழுத்துவிட்டு அவர் சந்தோஷத்தை வரவழைத்துக்கொள்ளவில்லை. 'பெண்கூட்டு' என்று ஓர் அமைப்பைத் தொடங்கினார். முதலில் கழிப்பறைக்காகப் போராடினார்கள், பிறகு உட்காரும் உரிமைக்காக. வருடக்கணக்கில் நடந்த போராட்டத்துக்குப் பிறகு 2018-இல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு அதற்கு மூன்றாண்டு கழித்துப் பின்தொடர்ந்தது. அந்த 2018-இல் உலகின் நூறு பெண்கள் பட்டியலில் பிபிசி விஜியைச் சேர்த்தது. அவர் எடுத்த முடிவும் முடிவுதான். ஆனால் எந்தத் தன்னம்பிக்கை வகுப்பிலும் அந்த முடிவைக் கற்றுத்தர மாட்டார்கள். பேச்சாளருக்குக் கவர் கொடுப்பவர் முதலாளி. சங்கம் சேருங்கள் என்று சொன்னால் அடுத்த கடையில் அவருக்கு மைக் கிடைக்குமா?

சட்டம் வந்தபின் என்ன ஆயிற்று என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "ஸ்டூல் போட்டாங்கக்கா. செக்‌ஷனுக்கு ஒண்ணு. அதுமேல சேலைப் பெட்டி அடுக்கியிருக்கும். ஆபீசர் வந்தா இறக்கி வெப்பாங்க. இல்லாட்டி நாங்க உக்காந்தா, என்னம்மா, கால் வலிக்குதான்னு கேப்பாங்க. அந்தக் கேள்விக்கு யாரு பதில் சொல்றது?" அவளுக்குத் தேவை அந்தப் பெட்டியை இறக்கிவைக்க வேண்டிய தொழிலாளர் துறை ஆய்வாளர். அவர் மாதம் ஒரு முறை முன்னறிவிப்பில்லாமல் வந்துபோனால், ஆயிரம் பேச்சாளர் தர முடியாத மகிழ்ச்சியை அந்தப் பெண்கள் அன்று மதியமே அனுபவிப்பார்கள்.

கடையோடு இது நிற்பதில்லை. அடி வாங்கி அம்மா வீட்டுக்கு வந்த பெண்ணிடம், சந்தோஷம் உன் மனசுலதாண்டி இருக்கு, அனுசரிச்சுப் போ என்கிறோமே, அதுவும் இதே உபதேசம்தான். ஒப்பந்தச் செவிலியர்கள் வேலை நிரந்தரம் கேட்டுத் தெருவில் உட்கார்ந்தால், மன அழுத்தத்தைக் கையாள யோகா வகுப்பு வைக்கலாம் என்று யாரோ ஒருவர் யோசனை சொல்கிறார். ஐடி கம்பெனியில் ஒரு பக்கம் ஆளைக் குறைத்துவிட்டு, மிஞ்சியவர்கள் தலையில் இரண்டு பேர் வேலையைக் கட்டிவிட்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் மனநலக் கூட்டம் நடத்துகிறார்கள். வராதவர்கள் பெயரைக் குறித்துக்கொள்கிறார்கள்.

புற்றுநோய்க்காரர்களையும் விடுவதில்லை. மனசு தைரியமா இருந்தா நோய் ஓடிடும் என்று வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். நோய் முற்றியபோது அந்த மனுஷி, நான் போதுமான அளவு தைரியமாக இல்லையோ என்று தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டு சாகிறாள். அமெரிக்க எழுத்தாளர் பார்பரா எரன்ரைக் மார்பகப் புற்றுநோய் வந்தபோது இதை நேரில் பட்டவர். சிரித்துக்கொண்டே நோயை எதிர்கொள் என்ற வற்புறுத்தலைத் தாங்க முடியாமல் 2009-இல் இந்தக் கலாச்சாரத்தின் மீதே ஒரு புத்தகம் எழுதினார். தமிழில் அப்படி ஒன்றை யாரும் துணிந்து எழுதினால், அதையும் புத்தகக் காட்சியின் அந்த முதல் கடையிலேயே அடுக்க வேண்டும்.

மறுபடியும் ஸ்டூலுக்கே வருகிறேன், ஏனென்றால் இவர்கள் எவரும் அதற்குப் பதில் சொல்வதில்லை. ஸ்டூல் கொடுத்த பிறகு அவள் சந்தோஷமாக இருப்பாளா, இருக்க மாட்டாளா என்பது அவள் பாடு. அதில் நான் தலையிடவில்லை. அப்போது வேண்டுமானால் போய் மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுங்கள், அவளுக்குப் பிடித்தால் கேட்பாள். ஸ்டூலே கொடுக்காமல் மூச்சுப் பயிற்சி சொல்வது, அவள் வாயை அடைக்கிற வேலை.

வேலை நேரம் எட்டு மணி என்பதும் யாரும் காலையில் எழுந்து மனத்துக்குள் எடுத்த முடிவால் வந்ததில்லை, தொழிலாளர்கள் போராடி வாங்கியது. தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினக் கொடியை ஏற்றியது 1923-இல். சரியாக நூறு ஆண்டு கழித்து, 2023 ஏப்ரல் 21 அன்று, ஆலைகளில் ஒரு நாள் வேலை நேரத்தைப் பன்னிரண்டு மணி வரை நீட்ட வழிசெய்யும் திருத்தத்தை இதே தமிழ்நாட்டுச் சட்டமன்றம் நிறைவேற்றியது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன. மே 1 அன்று முதலமைச்சர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். லட்சக்கணக்கான குடும்பங்களின் மகிழ்ச்சி அந்தப் பத்து நாளில் ஊசலாடியது. மகிழ்ச்சியைப் பற்றியே வருடம் முழுக்கப் பேசிப் பிழைக்கும் ஒருவர்கூட அந்தப் பத்து நாளில் அதைப் பற்றி வாய் திறந்து நான் கேட்கவில்லை.