மீனுக்கு முன்னால் பாக்டீரியாவைக் குடியேற்றுங்கள்

கேள்வி: "என் மகள் மயிலாப்பூரில் வாடகை வீட்டில் இருக்கிறாள். பேரன் ஆசைப்பட்டான் என்று மருமகன் இரண்டரை அடித் தொட்டி வாங்கி, மெரினாவிலிருந்து கடல் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றி, அன்றைக்கே இரண்டு 'நீமோ' மீன்களை விட்டார். நான்காம் நாள் இரண்டும் செத்துவிட்டன. பையன் தொட்டியைத் துணி போட்டு மூடச் சொல்லிவிட்டான். வேர்க்கடலை விற்ற பணத்தில் பத்தாயிரம் ரூபாய் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். மறுபடி சாகாமல் வளர்க்க முடியுமா?"
- உத்திரமேரூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகி.

பதில்: முடியும் அம்மா. தொட்டி கையில் இருப்பதால் உங்கள் பணத்துக்குள் அடக்கிவிடலாம். விவசாயப் பத்திரிகையில் கண்ணாடித் தொட்டிக்கு என்ன வேலை என்று சிலர் கேட்பார்கள். அந்த மீன்கள் செத்ததற்குக் காரணம் நம் வயலில் தினமும் நடக்கும் தழைச்சத்துக் கணக்குதான்.

வயலில் போடும் யூரியா முதலில் அம்மோனியாவாகிறது. மண்ணிலுள்ள ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை நைட்ரேட்டாக மாற்றும். தொட்டியில் மீனின் கழிவும் தின்னாமல் விட்ட தீனியும் அம்மோனியா தருகின்றன. வயலில் இந்த பாக்டீரியாக்கள் காலங்காலமாகக் குடியிருக்கின்றன. கழுவித் துடைத்த புதுத் தொட்டியில் ஒன்றுகூட இருக்காது. அம்மோனியா ஏறி மீனின் செவுளைச் சுட்டுவிடும். கடல் நீரின் கார அமில நிலை 8.1 முதல் 8.4 வரை இருக்கும். காரம் கூடினால் அம்மோனியாவின் நஞ்சும் கூடும். அதனால் கப்பி, மோலி தாங்கிக்கொள்கிற தவற்றைக் கடல் மீன் தாங்காது.

ஆகவே மீன் வாங்குவது கடைசி வேலை. உப்புத் தண்ணீர் நிரப்பி, பில்டரை ஓட விட்டு, ஒரு சின்ன இறால் துண்டைத் தொட்டியில் போடச் சொல்லுங்கள். அது அழுகி அம்மோனியா தரும். அதைத் தின்று பாக்டீரியா பெருகும். இதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அம்மோனியா, நைட்ரைட் இரண்டுக்கும் சோதனை கிட் கிடைக்கிறது. இரண்டும் முதலில் ஏறி, பிறகு பூஜ்யத்துக்கு இறங்கி, அங்கேயே நின்றால்தான் மீன். பணம் எங்கே மிச்சமானாலும் கிட்டில் மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

அடுத்து தண்ணீர். மெரினாவின் வடக்கு முனையில் கூவம் கலக்கிறது. தெற்கே பட்டினப்பாக்கம் தாண்டினால் அடையாறு. வடகிழக்குப் பருவமழையில் கரையோரக் கடலின் உப்பும் இறங்கிவிடும். அந்த மெரினாவில்தான் 1909இல், சென்னை அருங்காட்சியகத்தை நடத்திவந்த எட்கர் தர்ஸ்டன் முயற்சியால் கடல் மீன் காட்சியகம் திறந்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது மூடிவிட்டார்கள். அன்றைய கூவம் வேறு, இன்றைய கூவம் வேறு.

சமையல் உப்பைக் கரைக்கலாமா என்று மருமகன் கேட்பார். கூடாது. மரக்காணம் உப்பளத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உப்பு படிந்த பிறகு கசப்புத் தண்ணீரை வடித்துவிடுவார்கள். மெக்னீசியமும் பொட்டாசியமும் அதில் போய்விடுகின்றன. மீன் கடைகளில் விற்கும் கடல் உப்புக் கலவையில் இவையெல்லாம் இருக்கும். உங்கள் தொட்டி சுமார் 100 லிட்டர் பிடிக்கும்; மூன்றரை முதல் நான்கு கிலோ கலவை போதும். மயிலாப்பூர் போர் தண்ணீரில் கரைக்க வேண்டாம். ஆர்.ஓ. தண்ணீர் நல்லது.

நெல் விதை தேர்வு செய்ய முட்டை மிதக்கும்வரை உப்புப் போடுவோமே, அந்த அளவு இங்கே உதவாது. கடல் நீரில் புது முட்டை மூழ்கிவிடும். நம் விதைக் கரைசல் அதைவிட உப்பு. ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று வாங்கி ஒப்படர்த்தி 1.024 வருகிறதா என்று பார்க்க வேண்டும். கரும்பில் பிரிக்ஸ் பார்க்கும் கருவிதான், அளவுகோல் மட்டும் வேறு.

அடையாறில் என் வீட்டுத் தொட்டியில் நானே ஒரு முட்டாள்தனம் செய்திருக்கிறேன். மே மாதம் தண்ணீர் குறையக் குறைய உப்புத் தண்ணீரையே ஊற்றினேன். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயேதான் இருக்கும். உவர் நிலம் உண்டாகும் விதத்தை முப்பது வருடமாக விவசாயிகளுக்குச் சொல்கிறவன் நான்! மூன்று மீன் போன பிறகுதான் உறைத்தது. குறைந்த அளவுக்கு உப்பில்லாத தண்ணீரை ஊற்றுங்கள். பத்து நாளுக்கு ஒருமுறை பத்து லிட்டர் எடுத்துவிட்டு, அதற்கு மட்டும் புது உப்புத் தண்ணீர். வெயில் காலத்தில் தண்ணீரின் மேல் ஒரு சின்ன மின்விசிறி ஓடினால் இரண்டு மூன்று டிகிரி குறையும், சில்லர் வேண்டாம்.

அலங்காரத்துக்குப் பவளப்பாறை தருகிறேன் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடச் சொல்லுங்கள். பவளம், கடல் குதிரை, கடல் அட்டை ஆகியவை 2001இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டவை. செத்த பவளமானாலும் குற்றம்தான். அடியில் பரப்ப, முட்டைக் கோழிக்குப் போடும் கிளிஞ்சல் துகளை நன்றாக அலசி ஓர் அங்குலம் போடலாம். பாறைக்குப் பதில் வண்ணம் பூசாத மண்தொட்டி ஒன்றைச் சாய்த்து வையுங்கள். அதன் நுண்துளைகளில் பாக்டீரியா குடியேறும். நீமோவும் அதையே வீடாக்கிக்கொள்ளும். குஞ்சுப் பொரிப்பகங்களிலேயே இந்த மீன் முட்டையிட மண்பானையும் ஓடும் வைக்கிறார்கள். கடல் சாமந்தி இல்லாமலே அது வாழும்.

மீன் வாங்கும்போது பொரிப்பகத்தில் பிறந்ததா என்று கேளுங்கள். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் இந்த இனத்தைக் குஞ்சு பொரிக்க வைத்திருக்கின்றன. அப்படிப் பிறந்தவை குருணைத் தீனி தின்னும். கடலில் பிடித்தவை பல நாள் பட்டினி கிடக்கும். உங்கள் தொட்டிக்கு இரண்டு மீன் போதும். மூன்றாவதைச் சேர்க்கச் சொல்லி யார் சொன்னாலும் கேட்க வேண்டாம்.

பேரனிடம் ஒரு நோட்டு கொடுத்து, வாரம் இரண்டு முறை கிட்டில் வரும் எண்ணை எழுதச் சொல்லுங்கள். துணியை எடுக்கவும் அவனுக்கு அது ஒரு காரணமாக இருக்கும். ஆறு வாரம் கழித்து அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், பார்த்துவிட்டு மீன் வாங்கலாமா என்று சொல்கிறேன்.