மேலே போர்வை... கீழே என்ன?

தம்பி, தங்கைகளே! அரையாண்டு விடுமுறையில் மொட்டை மாடியில் போர்வையால் கூடாரம் போட்டு, வீட்டு நாயோடு தூங்க ஆசையா? தாராளமாகத் தூங்குங்கள். அதற்கு முன் ஒரு விஷயம்!

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் மார்கழி இரவில் பனி பெய்யும். சிமென்ட் தரை சில்லிடும். உங்களுக்குப் பாய் உண்டு. நாய்க்கு? வெறும் தரைதானே!

'அதற்குத்தான் ரோமம் இருக்கிறதே' என்பீர்கள். சைபீரியன் ஹஸ்கி நாய்க்கு இரட்டை அடுக்கு ரோமம், உறைபனியிலும் தூங்கும். நம் ராஜபாளையம், சிப்பிப்பாறை நாய்களுக்கு இருப்பது குட்டை ரோமம். தெரு நாய்கள் பலவற்றுக்கும் அப்படித்தான். நாயின் உடல் வெப்பம் சுமார் 38.5 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டைக் குளிர்ந்த தரை இழுத்துக்கொண்டே இருக்கும். எனவே, மேலே போர்த்துவதைவிடக் கீழே விரிப்பதே முக்கியம். நான்காக மடித்த கோணிச் சாக்கு போதும்.

தெருவில் பிறந்த குட்டிகளின் நிலை இன்னும் பாவம். முதல் 2 வாரங்களில் தங்கள் உடல் சூட்டைக் காத்துக்கொள்ள அவற்றால் முடியாது. தாய் இரை தேடிப் போன நேரத்தில், குளிரே உயிரைப் பறித்துவிடலாம்.

போகியன்று பழைய சாக்கை எரித்துப் புகை கிளப்புவது நியாயமா? அதை மார்கழி முதல் நாளே குட்டிகளுக்கு விரிக்கலாமே! ஆனால், நீங்கள் கிட்டே போக வேண்டாம். குட்டி போட்ட நாய் கடிக்கும். பெரியவர்களிடம் கொடுத்து, தாய் இல்லாத நேரத்தில் விரிக்கச் சொல்லுங்கள்.

பரணில் பழைய சாக்கு இருக்கிறதா? இன்றே பாருங்கள்!