பட்டை கூட்டினால் சுகம் வருமா?

எங்கள் வீட்டில் இருப்பது பழைய அம்பாசிடர் எஸ்டேட். அம்பாசிடர் தயாரிப்பே 2014-இல் நின்றுபோயிற்று. கல்லலிலிருந்து காரைக்குடி டாக்டரிடம் போய் வந்தால், என் மனைவி இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவாள். "இனிமே பஸ்ஸுலேயே போயிருவோங்க" என்று சொல்லிவிட்டாள்.

பட்டறையில், "பின்னாடி இன்னொரு பட்டை போட்டுருவோம் சார்" என்றார்கள். நான் சம்மதிக்கவில்லை. சாமான் ஏற்றுவதற்காக முன்பு வைத்திருந்தவர் ஏற்கெனவே ஒரு பட்டை கூட்டியிருந்தார். பட்டை கூடினால் சுமை தாங்கும்; இரண்டு கிழங்கள் மட்டும் உட்கார்ந்தால் தூக்கிப் போடும்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். ஷாக் அப்சார்பருக்கு பிரெஞ்சில் 'அமோர்த்திசர்' என்று பெயர். அடக்குவது என்று பொருள். அதுதான் பொருத்தமான பெயர். குழியின் அடியை வாங்குவது ஸ்பிரிங்; அதன் ஆட்டத்தை அடக்குவதே இதன் வேலை.

கூடுதல் பட்டையைக் கழற்றச் சொன்னேன். துருப்பிடித்த பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்காமல் கட்டைபோல் இறுகிக் கிடந்தன. துருவைச் சுரண்டி கிரீஸ் தடவி, தேய்ந்த ரப்பர் புஷ்களையும் இருபக்க ஷாக் அப்சார்பர்களையும் மாற்றினோம். டயரில் அதிகமாக இருந்த காற்றையும் உரிய அளவுக்குக் குறைத்தோம்.

இனி மூட்டை ஏற்ற முடியாது. பரவாயில்லை. நம் வயதில் வண்டி சுமக்கவேண்டியது நம்மைத்தான்.

உங்கள் வண்டியின் ஒரு மூலையை அழுத்தி விட்டுப் பாருங்கள். ஒருமுறை எழும்பி அடங்கவேண்டும். ஆடிக்கொண்டே இருந்தால் பட்டையைத் தொடாதீர்கள். ஷாக் அப்சார்பரைப் பாருங்கள்.

போன வாரம் காரைக்குடியிலிருந்து திரும்பும்போது என் மனைவி வண்டியிலேயே தூங்கிவிட்டாள்.