சான்று எங்கே?

என்னிடம் பயின்று இன்று கல்லூரி செல்லும் இளைஞனொருவன், காரைக்கால் அம்மையாரைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையுடன் வந்தான். கணவன் கேட்டான், வானிலிருந்து மாங்கனி வந்தது, அதுவே வரலாறாம்!

"சான்று எங்கே, தம்பி?"

"நம் ஊரே ஆண்டுதோறும் மாங்கனித் திருவிழா நடத்துகிறதே!"

விழா சான்றாகுமா?

அம்மையார் பாடியவையாகக் கிடைப்பன 143 பாடல்கள். அவற்றில் தம்மைக் 'காரைக்காற் பேய்' என்கிறார் அவர்; மாங்கனிக் கதை இல்லை, புனிதவதி என்ற பெயரும் இல்லை. அவற்றைத் தருவது 12ஆம் நூற்றாண்டுப் பெரியபுராணம். அம்மையாருக்கு ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகள் பிந்திய நூல்! "சேக்கிழார் கூறுகிறார்" என்றெழுது, அது ஆய்வு. "நடந்தது" என்றெழுதினால், அது கதாகாலட்சேபம். நூல், பதிப்பு, ஆண்டு, பக்கம் நான்கும் அடிக்குறிப்பில் நிற்கட்டும். ஐயுறுவோன் எடுத்துப் பார்க்கட்டும்!

தோழர்களே, நம் முதுகையும் சற்றே பார்ப்போம். ஏடும் நாளும் குறிக்காமல் "பெரியார் சொன்னார்" என்று முழங்குகிறோமே, அது மட்டும் பகுத்தறிவா? புராணிகரிடம் தொடுக்கும் வினாவை முதலில் நம்மிடம் தொடுப்போம்: சான்று எங்கே?