ரப்பர் தோட்டம் இருக்கா தம்பி?

நம்ம ஊரில் மொபைல் கேம் என்றாலே இரண்டே கருத்துதான். ஒன்று, "படிக்கிற பய கெட்டுப் போயிட்டான்". இரண்டு, "ரம்மி ஆடி காசு போச்சு". கேம் செய்வதும் ஒரு தொழில், அதிலும் சம்பளம், வரி, பேலன்ஸ் ஷீட் உண்டு என்று சொன்னால் மேலும் கீழும் பார்க்கிறார்கள். பி.காம் படிக்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கும் கோஷ்டியும் உண்டு. இருக்கு மக்கா. இது கம்ப்யூட்டர் பிரச்சினை இல்லை, காசுப் பிரச்சினை.

சென்னை நெக்ஸ்ட் வேவ் மல்டிமீடியாவை எடுத்துக்கோங்க. 1995-ல் பி.ஆர்.ராஜேந்திரனும் பி.ஆர்.ஜெயஸ்ரீயும் ஆரம்பித்தது. பெயர் தெரியாவிட்டாலும் அவர்களுடைய 'வேர்ல்டு கிரிக்கெட் சாம்பியன்ஷிப் 2' உங்கள் போனில் இல்லையென்றால் உங்கள் தம்பி போனில் இருந்திருக்கும். அது வந்தது 2015-ல். நடுவில் 20 வருஷம்! அதில் பெரும்பகுதி மற்ற கம்பெனிகளுக்கு மல்டிமீடியா வேலையும் விளம்பர கேமும் செய்து கொடுத்து ஓட்டியது. சொந்த கேம் சூடு பிடித்து மூன்று வருஷம் போல ஆனதும் பெரும்பான்மைப் பங்கு மும்பை நசாரா கைக்குப் போனது. 2021-ல் பங்குச்சந்தைக்கு வந்ததும் நசாராதான். விற்றவர்களை நான் குறை சொல்லவில்லை. அதுவரை தாங்கி நின்றதே பெரிய விஷயம்.

இப்போ பின்லாந்து. மொத்த ஜனத்தொகையே நம்ம குமரி மாவட்டத்தைப் போல மூணு மடங்குதான். 2010-ல் தொடங்கிய சூப்பர்செல்லுக்கு ஆரம்பத்திலேயே டெக்கெஸ் என்ற அரசு நிறுவனம் கடன் கொடுத்தது. 2013-ல் 51 சதவீதத்தை ஜப்பான்காரர்கள் வாங்கியபோது விலை சுமார் 150 கோடி டாலர். "அவங்களும் வித்துட்டாங்களே?" வித்தாங்க. ஆனா மூணே வருஷத்தில், அந்த விலைக்கு!

"நாலு பேர், நாலு கம்ப்யூட்டர், இதுக்கு எதுக்கு கடன்?" என்று கேட்பவர்களுக்கு: ஒரு நல்ல கேம் முடிய ஒன்றிரண்டு வருஷம் ஆகும். அதுவரை வரவு பூஜ்யம், சம்பளம் மட்டும் மாசாமாசம். வெளியிட்ட பிறகும் இறக்குகிறவர்களில் காசு கட்டுவது சொற்பம் பேர். அதிலும் கூகுளுக்குப் பங்கு. ரோவியோ கம்பெனிக்கு 'ஆங்ரி பேர்ட்ஸ்' 52-வது கேம். முந்தின 51-க்கும் யாரோ சம்பளம் கொடுத்தாக வேண்டாமா?

நம்ம வங்கியில் போய்க் கேட்டால்? "ரப்பர் தோட்டம் இருக்கா தம்பி? வீட்டுப் பத்திரம்?" ஈடு இல்லாமல் சிறுதொழிலுக்குக் கடன் கொடுக்க சி.ஜி.டி.எம்.எஸ்.இ உத்தரவாத நிதி 2000-லிருந்தே இருக்கு. 2025 ஏப்ரலில் அதன் வரம்பு 10 கோடி ஆனது. பணம் கட்டி ஆடும் சூது வேறு, மற்ற கேம் வேறு என்று 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டமே போட்டுப் பிரித்துவிட்டது. பேப்பரில் எல்லாம் மாறியாச்சு, மேஜைக்கு அந்தப் பக்கம் புத்திதான் மாறவில்லை.

கேம் ஓடாவிட்டால் கடன் முங்கிடுமாம். 2011-ல் கிலோ 200 ரூபாய்க்கு மேல் விற்ற ரப்பர் 2016 தொடக்கத்தில் 100-க்குப் பக்கம் வந்ததே, அது ரிஸ்க் இல்லையா அண்ணாச்சி? :-)

நம்ம பி.காம் கூட்டத்தில் பாதி பேர் பேங்க் எக்ஸாமுக்குத்தான் படிக்கிறோம். நாளைக்கு அந்த நாற்காலியில் உட்காரப் போவதும் நாமதான். ஒருத்தன் லேப்டாப்போடு வந்து நின்னா, பத்திரம் கேட்கிறதுக்கு முன்னாடி அந்த கேமை ஒரு தடவை விளையாடிப் பாருங்க மக்கா.