ஒரே பட்டணம், இரண்டு பதில்கள்



கடந்த ஞாயிறு ஆராதனை முடிந்து ஆலய வாசலில் நின்றபோது, அரைமணி நேர இடைவெளியில் இரண்டு பேர் துபாய் நகரத்தைக் குறித்து என்னிடம் பேசினார்கள். முதலில் வந்தவர் நம் சபையின் மூத்த தாயார் ஒருவர். அவருடைய மகனுக்கு அங்கே மென்பொருள் நிறுவனம் ஒன்றில் நல்ல பதவி கிடைத்திருக்கிறது. மனைவியையும் குழந்தையையும் உடன் அழைத்துக்கொண்டு போகலாம். "ஐயா, மழையும் மரமும் இல்லாத அந்தப் பாலைவனத்தில் மனிதர் வாழ முடியுமா? நீங்கள் சொன்னால் கேட்பான். போக வேண்டாம் என்று சொல்லுங்கள்" என்றார். அவருக்குப் பின் வந்தவர் கண்ணம்மாபேட்டைப் பக்கம் குடியிருக்கும் ஒரு தம்பி. ஏசி மெக்கானிக். மனைவிக்கு இது ஆறாவது மாதம். அந்த ஊர் வாழத் தகுந்ததா என்று அவர் கேட்கவே இல்லை. மாதம் 1,800 திர்ஹம் சம்பளத்தில் வேலை வந்திருக்கிறது, விசா தடையில்லாமல் கிடைக்க ஜெபிக்க வேண்டும் என்றார்.

தாயாரிடம், "தைரியமாக அனுப்புங்கள் அம்மா" என்றேன். தம்பியிடம், "இப்போது போக வேண்டாம்" என்றேன். அருகில் நின்று இரண்டையும் கேட்ட சபைப் பெரியவர் ஒருவர், "ஐயா பணமுள்ளவருக்கு ஒரு பதில், இல்லாதவருக்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்" என்று சிரித்தார். வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனாலும் அந்த வார்த்தை வாரம் முழுவதும் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. ஆகவே இந்த வாரத் தியானத்தை அதற்கு விடையாக எழுதுகிறேன்.

தாயாரின் அச்சத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். பாலைவனத்தில் நகரம் கட்டுவது இயற்கைக்கு விரோதம் என்பது நம்மில் பலருடைய எண்ணம். நாம் எங்கே நின்றுகொண்டு இதைச் சொல்லுகிறோம் என்பதையும் சற்று யோசிக்க வேண்டும். தியாகராய நகர் ஓர் ஏரியின்மேல் எழுந்த ஊர். 1920-களில் மாம்பலத்தின் நெடிய ஏரியை வடித்து, தூர்த்து, மனைகளாகப் பிரித்து, நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயரை இட்டார்கள். ஏரியின் அடையாளமாக மேற்கு மாம்பலத்தில் இன்று லேக் வியூ ரோடு என்ற பெயர் இருக்கிறது. பார்ப்பதற்கு ஏரி இல்லை. 2021 நவம்பரில் நம் தெருக்களில் நாட்கணக்கில் நின்ற வெள்ளம், தன் பழைய இடத்தைத் தேடி வந்த வெள்ளமே. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்போ, 2019 கோடையில், குடிக்க நீரின்றி ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தோம். மீஞ்சூரில் 2010-லும் நெம்மேலியில் 2013-லும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் வந்தபின், நாமும் கடலைக் குடிக்கிறவர்களாகிவிட்டோம். ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெறும் ஊரின் நிலை இது. அதில் பத்தில் ஒரு பங்குகூடப் பெறாத துபாய், ஜெபல் அலியில் கடல்நீரைக் காய்ச்சிக் குடிப்பதைக் கண்டு நாம் முகம் சுளிக்க என்ன நியாயம் இருக்கிறது? 2024 ஏப்ரல் 16 அன்று அவர்களுக்கும் ஓராண்டு மழை ஒரே நாளில் கொட்டியது. விமான நிலையத்தின் ஓடுபாதை ஏரியானது. ஏரியைத் தெருவாக்கிய நமக்கும் மணலைத் தெருவாக்கிய அவர்களுக்கும் அந்தவகையில் பெரிய வேறுபாடு இல்லை.

2018 நவம்பரில் ஊழியத்தின் நிமித்தமாகப் பத்து நாட்கள் அங்கே தங்கினேன். அப்போது அங்கே வார விடுமுறை வெள்ளிக்கிழமை. (2022 முதல்தான் சனி, ஞாயிறு விடுமுறையானது.) ஊத் மேத்தாவில் உள்ள ஆலய வளாகத்தில் காலை முதல் இரவு வரை மணிக்கணக்கு வைத்துப் பல மொழியார் ஆராதிக்கிறார்கள். நம்மவர் பாடி முடிப்பதற்குள் அடுத்த மொழிக்காரர் கதவருகே காத்து நிற்பார். பிரசங்கத்தைச் சுருக்கிச் சொல்லும் கலையை நான் அங்கேதான் கற்றேன். நம் சபையார் அதற்காகத் துபாய்க்கு நன்றி சொல்லலாம்.

கண்டதை உள்ளபடி சொல்லுகிறேன். அது வசதியான நகரம். இரவு பத்து மணிக்கு ஒரு பெண் தனியாக மெட்ரோவில் ஏறி, பெண்களுக்கான பெட்டியில் அமர்ந்து, அச்சமின்றி வீடு திரும்புகிறாள். ஓட்டுநர் இல்லாத அந்த ரயில் 2009 முதல் ஓடுகிறது. கராமாவின் கடைகளில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் கிடைக்கின்றன. பேருந்து நிறுத்தத்திற்கும் கண்ணாடி போட்டுக் குளிரூட்டியிருக்கிறார்கள். ஒரு திர்ஹம் கொடுத்துப் படகில் ஏறிக் கழிமுகத்தின் மறுகரையில் உள்ள தெய்ராவுக்குப் போகும் சில நிமிடங்கள், நான் அந்த ஊரில் அனுபவித்த மிக இனிய நிமிடங்கள்.

குறைகளும் உண்டு. கழிமுகத்தைச் சுற்றியிருந்த பழைய ஊர், கடற்கரையோரமாக ஜெபல் அலி வரை நீண்டு, இன்று முடிவில்லாத ஒரு சாலையைப்போல் கிடக்கிறது. மெட்ரோவின் முதல் தடமே 52 கிலோமீட்டர். பக்கத்து வீட்டுக்குப் போய்வருவது என்ற பழக்கம் அங்கே கடினம். பக்கத்து வீடும் ஒரு பெருஞ்சாலைக்கு அப்பால் இருக்கும். வாடகைக்கு அஞ்சி ஷார்ஜாவில் குடியிருந்து துபாயில் வேலை செய்வோர், தினமும் சில மணி நேரத்தைச் சாலையிலேயே செலவழிக்கிறார்கள். கோடையில் 45 பாகையைத் தாண்டும் வெயிலில் பிள்ளைகள் பகலில் வெளியே விளையாட முடியாது. அறை, வாகனம், வணிக வளாகம், மீண்டும் அறை. விசா வேலையோடு கட்டப்பட்டிருப்பதால், வேலை போனால் சில மாதங்களுக்குள் பெட்டி கட்ட வேண்டும். பத்தாண்டு விசா இப்போது சிலருக்குக் கிடைக்கிறது. குடியுரிமை கிடைப்பது மிக அரிது. இவையெல்லாம் உண்மையான குறைகள். இருந்தாலும் மனைவியும் பிள்ளையும் மேஜையைச் சுற்றி அமர்ந்திருக்கும் ஒரு வீட்டில், இவற்றைத் தாங்கி வாழ்ந்துவிட முடியும். அதனால்தான் தாயாருக்கு அந்தப் பதிலைச் சொன்னேன்.

தம்பியின் காரியம் வேறு. அந்த நாட்டில் ஒருவர் தம் மனைவி பிள்ளைகளை அழைத்து வைத்துக்கொள்ள மாதம் 4,000 திர்ஹமாவது சம்பாதிக்க வேண்டும். தங்குமிடம் கிடைத்தால் 3,000 போதும். அந்த எண்ணுக்கு மேலே இருப்பவருக்கு அது ஒரு நகரம். கீழே இருப்பவருக்கு அது ஒரு கட்டில். நான் மிகையாகச் சொல்லவில்லை. 'பெட் ஸ்பேஸ்' என்றே அதற்கு அங்கே பெயர். அறைக்கு ஆறு பேர், எட்டு பேர், அடுக்குக் கட்டில், தலைமாட்டில் ஒரு பை. தொழிலாளர் குடியிருப்புகள் நிறைந்த ஒரு பகுதியைச் சோனாபூர் என்கிறார்கள், பொன்னூர் என்று பொருள். அங்கே ஒரு மாலை போயிருந்தேன். வரிசையாகத் துவைத்துத் தொங்கவிடப்பட்ட ஆண்களின் உடைகள் மட்டுமே. ஒரு சேலை இல்லை, குழந்தையின் சட்டை ஒன்றுகூட இல்லை. அதைக் கண்டபோதுதான் அந்த ஊரில் எனக்குப் பாலைவனம் தென்பட்டது.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். தொல்காப்பியம் நான்கு நிலங்களைச் சொல்லிப் பாலைக்குத் தனி நிலம் வைக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டு வறண்டால் அதுவே பாலை என்று சிலப்பதிகாரம் விளக்குகிறது. அந்தப் பாலைக்கு உரிய ஒழுக்கமாக அவர்கள் வைத்தது பிரிதல். பொருள் தேடிப் போகிறவனும் வீட்டில் நாட்களை எண்ணுகிறவளும்தான் பாலைப் பாட்டின் மாந்தர். மணலை வைத்து அவர்கள் பாலையை அளக்கவில்லை. வேதத்திலும் ஏறக்குறைய இதே அளவுகோலைப் பார்க்கிறேன். 107-ஆம் சங்கீதத்தை இந்த வாரம் எடுத்து வாசியுங்கள். வனாந்தரத்தில் வழி தப்பி அலைந்தவர்களுக்குக் கர்த்தர் குடியிருக்க ஒரு பட்டணத்தைத் தருகிறார். அந்தப் பட்டணத்தின் மதிலைப்பற்றியோ மாளிகையைப்பற்றியோ அங்கே பேச்சில்லை. வயல் விதைக்கிறார்கள், திராட்சை நடுகிறார்கள், பிள்ளைகளோடு பெருகுகிறார்கள். எளியவனுடைய குடும்பம் மந்தையைப்போல் பெருகுவதோடு அந்தக் காட்சி நிறைவடைகிறது. 828 மீட்டர் உயரக் கோபுரத்தை இந்த அளவுகோலின் அருகில் நிறுத்தினால் அது எதற்கும் விடையாகாது.

நம் சபையில் ஓர் அண்ணன் 22 ஆண்டுகள் அங்கே உழைத்தார். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு மாத விடுப்பு. ஊரில் மாடி வீடு கட்டினார். இரண்டு தங்கைகளுக்கு உஸ்மான் சாலையில் நகை எடுத்துத் திருமணம் செய்துவைத்தார். அவருடைய விடுப்புகளைக் கூட்டிப் பார்த்தால், அந்த 22 ஆண்டுகளில் மனைவியோடு இருந்தது இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவு. மகள் அவரை 'அப்பா' என்று கூப்பிடக் கூச்சப்பட்டு, நேரடியாகக் கூப்பிடாமலே பேசப் பழகிக்கொண்டாள். இன்று அவர் ஆலயத்தில் கடைசி வரிசையில் அமர்வார். நல்ல மனிதர். அவர் செய்தது தவறு என்று சொல்ல எனக்கு நாக்கு வராது.

அதனாலேயே தம்பியிடம் நான் சொன்ன பதிலும் எனக்கு எளிதாக இல்லை. "ஐயா, இங்கே வீட்டோடு இருக்கிறேன். வட்டியோடும் இருக்கிறேன்" என்று அவர் திருப்பிச் சொன்னார். 1,800 திர்ஹம் என்பது ஏறத்தாழ நாற்பதாயிரம் ரூபாய். இங்கே அவர் கொண்டுவருவது அதில் பாதி. போக வேண்டாம் என்று சொல்லுகிற போதகர், அந்த மீதிப் பாதியைக் குறித்தும் ஏதாவது சொல்ல வேண்டாமா? ஜெபிக்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டால் நான் யாக்கோபின் நிருபத்தை வாசிக்காதவன் ஆவேன்.

துபாயை மட்டும் குற்றம் சொல்லி நிறுத்திக்கொள்ளவும் எனக்கு மனம் வரவில்லை. ஆலயத்திலிருந்து நடக்கும் தூரத்தில்தான் ரங்கநாதன் தெரு இருக்கிறது. நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த பிள்ளைகள் கடைகளில் காலை முதல் இரவு வரை நின்றே வேலை செய்து, இரவில் பொது அறையில் பாய் விரித்துப் படுக்கிறார்கள். தாயின் முகத்தைப் பண்டிகைக்குப் பண்டிகை பார்க்கிறார்கள். 2010-ல் 'அங்காடித் தெரு' திரைப்படம் வந்தபோது நாம் கண்ணீர் விட்டோம். மறுவாரம் அதே தெருவில் பேரம் பேசித் துணி வாங்கினோம். பனகல் பூங்காவின் அருகில் மெட்ரோவுக்காகப் பள்ளம் தோண்டிய வடநாட்டுத் தொழிலாளர் தகரக் கொட்டகைகளில் இருந்ததை நாம் அன்றாடம் கடந்துபோனோம். துபாயில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்தவெளியில் வேலை வாங்குவது சட்டப்படி குற்றம். நம் தெருவில் மே மாதத்து வெயிலில் அந்த நேரத்தில் கம்பி கட்டிக்கொண்டிருந்தவர்களை நான் என் கண்ணால் பார்த்தேன். அவர்களுக்குத் தியாகராய நகர் எப்படிப்பட்ட ஊர் என்று யாராவது கேட்டிருந்தால், அந்தத் தாயார் துபாயைக் குறித்துச் சொன்னதைவிடக் கடுமையாகவே சொல்லியிருப்பார்கள்.

புதன்கிழமை அந்தத் தம்பியை வீட்டுக்கு அழைத்து, சபைக் குழுவின் பொருளாளரையும் உடன் வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தோம். வட்டிக்கு வாங்கிய முதலைச் சபையின் உதவி நிதியிலிருந்து வட்டியில்லாக் கடனாகத் தீர்த்து, மாதம் ஒரு தொகை திருப்பிச் செலுத்தும்படி ஓர் ஏற்பாடு பேசியிருக்கிறோம். குழு இந்த ஞாயிறு அதைப் பரிசீலிக்கும். அவருடைய பாஸ்போர்ட்டையும் முகவர் கொடுத்த தாளையும் வாங்கிப் பார்த்தேன். அரசிடம் பதிவு பெற்ற முகவர்தானா என்று அவர் அதுவரை விசாரித்திருக்கவில்லை. விசாரித்துவிட்டு வரச் சொன்னேன்.

குழந்தை பிறக்கும் வரையாவது பயணத்தைத் தள்ளிவைக்க முடியுமா என்று முகவரிடம் கேட்டிருக்கிறார். இதை எழுதும் வெள்ளிக்கிழமை மாலை வரை பதில் வரவில்லை. தாயாரின் மகன் குடும்பத்துக்கோ பயணச்சீட்டு எடுத்தாகிவிட்டது. பேத்திக்கு அங்கே கோடையில் என்ன உடுத்துவது என்று தாயார் நேற்று தொலைபேசியில் கேட்டார்.