பெட்டியடியில் ஒரு சிட்னிப் பவுண்



சென்ற மாதம் கொடிகாமத்தில் ஒரு மூத்தம்மா, கைலேஞ்சியில் முடிந்து வைத்திருந்த பவுண் குற்றி ஒன்றை அவிழ்த்து என் முன் வைத்தார். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, நம் பெண்கள் கழுத்திலும் காதிலும் கிடந்ததைப் பறிகொடுத்துப் போனதை நீங்கள் அறிவீர்கள். இந்தக் குற்றி அன்று கொழும்பில் வாழ்க்கைப்பட்டிருந்த மகளிடம் இருந்ததால் தப்பியது. இப்போது பேத்திக்குக் கல்யாணம்.

"மௌலவி, நகைக்கடையில் நிறைக்குத்தான் காசு என்கிறார்கள். பழைய காசு சேர்க்கிற ஒருவர், இதுக்கு ஒன்றரைப் பவுணில் காப்புத் தாறேன் என்கிறார். மாத்தலாமா?"

நான் குற்றியைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு பக்கம் விக்டோரியா ராணி. மறுபக்கம் நாம் வழக்கமாகக் காணும் குதிரை வீரன் இல்லை. இலைமாலைக்கு நடுவே 'அவுஸ்திரேலியா' என்றும், மேலே 'சிட்னி மின்ட்' என்றும் ஆங்கில எழுத்துகள். ஆண்டு 1866.

நாம் 'பவுண்' என்று எடை பேசுகிறோமே, அது இங்கிலாந்தின் தங்கக் குற்றியிலிருந்து வந்த பேச்சு. அதன் நிறை 7.98 கிராம், 22 கரட். பிறகு எட்டுக் கிராமே ஒரு பவுண் என்றாகிவிட்டது. இந்தக் குற்றிகள் எல்லாம் லண்டனில் அடிக்கப்பட்டவை அல்ல. 1851இல் அவுஸ்திரேலியாவில் தங்கம் வெளிப்பட்டது. அதை மாதக்கணக்கில் கப்பலேற்றி லண்டனுக்கு அனுப்பிக் காசாக்கி வாங்குவதை விட அங்கேயே அடிப்பது மேல் என்று, 1855இல் சிட்னியில் கிளை அக்கசாலை திறந்தார்கள். 1872இல் மெல்பேர்ன், 1899இல் பேர்த், 1908இல் கனடாவின் ஒட்டாவா. நமக்குப் பக்கத்தில் பம்பாயிலும் 1918 என்ற ஆண்டோடு மட்டும் சுமார் 13 இலட்சம் அடித்தார்கள். அமெரிக்காவிலும் இதே கதைதான். தங்கம் கிடைத்த தென் மாநிலங்களில் சார்லட், டலோனகா என்ற இரண்டு ஊர்களில் 1838 முதல் 1861 வரை அடித்த காசுகளை இன்று தேடித் தேடி வாங்குகிறார்கள்.

குதிரை வீரன் உள்ள குற்றியாயின், பெரும்பாலானவற்றில் ஆண்டு எண்ணுக்குச் சற்று மேலே, வீரன் நிற்கும் நிலத்தில், ஓர் எழுத்து பொடியாக இருக்கும். எஸ் என்றால் சிட்னி, எம் மெல்பேர்ன், பி பேர்த், ஐ பம்பாய், சி ஒட்டாவா. எழுத்தே இல்லையென்றால் பெரும்பாலும் லண்டன். எழுத்தைக் கண்டதும் சீதேவி வந்துவிட்டாள் என்று குதிக்க வேண்டாம். மெல்பேர்ன் குற்றிகள் இலட்சக்கணக்கில் உண்டு. ஒட்டாவாவில் 1908இல் அடித்தவையோ வெறும் 636. மூத்தம்மாவின் குற்றி இரண்டுக்கும் நடுவில் உள்ளது. 'சிட்னி மின்ட்' எழுத்துள்ள இந்த மாதிரி 1870 வரைதான் வந்தது. தங்க விலைக்கு மேல் கொடுப்பார்கள், வளையம் பற்றவைக்காத வரை. சங்கிலியில் கோர்ப்பதற்காகப் பற்றவைத்துவிட்டால் சேர்ப்பவர்களுக்கு அது பழைய நகைதான். ஆகவே எடுத்த எடுப்பில் உருக்கக் கொடுத்துவிடாதீர்கள். புளி போட்டுத் தேய்க்கவும் வேண்டாம். (எங்கள் வீட்டில் அப்படித் தேய்க்கப் போனதை நான் தடுத்திருக்கிறேன்.)

இனி மூத்தம்மாவின் கேள்விக்கு வருவோம். மாற்றக் கூடாது. தங்கத்துக்குத் தங்கம் என்றால் நிறைக்கு நிறை, கைக்குக் கை இருக்க வேண்டும். கூடினால் அது ரிபா. "இது அபூர்வமான காசாச்சே, அந்த அரைப் பவுண் அபூர்வத்துக்குத்தானே?" என்று கேட்கலாம். கைபரில் இரண்டு மரக்கால் மட்டப் பேரீச்சம்பழம் கொடுத்து ஒரு மரக்கால் உயர்ந்த பழம் வாங்கியவரிடம் நபி (ஸல்) அவர்கள் அப்படிச் செய்யாமல், மட்டமானதைக் காசுக்கு விற்று அந்தக் காசில் நல்லதை வாங்கும்படி சொன்னார்கள். தரம் வேறு என்பது கூடுதல் அளவுக்குக் காரணமாகவில்லை. அதே கைபரில் தங்கமும் மணியும் கோர்த்த மாலையை 12 தீனாருக்கு வாங்கிய ஸஹாபி, பிரித்துப் பார்த்தபோது அதிலிருந்த தங்கமே 12 தீனாரைத் தாண்டியது. பிரித்த பிறகே விற்க வேண்டும் என்பது நபிகளாரின் தீர்ப்பு. கருகமணி மாலையைக் கொடுத்து வேறு நகை மாற்றும் சகோதரிகளே, இது உங்களுக்கும்தான்.

ரூபாய்க்கு விற்றால் எவ்வளவு கூடுதலாக வாங்கினாலும் குற்றமில்லை. ஆனால் காசு அந்த இடத்திலேயே கைக்கு வர வேண்டும். பின்திகதியிட்ட காசோலையோ தவணையோ கூடாது.

இதைச் சொன்னதும் மூத்தம்மா, "அப்ப அந்த மனுசன் காசாத் தரட்டும், காப்பை நான் சாவகச்சேரியில வாங்கிக்கொள்றேன்" என்றார். வந்தவருக்குச் செய்தி போயிருக்கிறது. புதன்கிழமை காசோடு வருவாராம். குற்றி மறுபடி கைலேஞ்சிக்குள் போய்விட்டது.